செல்வி திறந்த ஃபைல்

காலை பத்து மணி இருக்கும். கம்ப்யூட்டர் அறையில் லைன் பிரிண்டர் வேலையில்லாமல் உறுமிக்கொண்டிருந்தது. மூன்று நாளாக அதற்கு அச்சடிக்க ஒன்றுமே வரவில்லை.

வெற்றிச்செல்வி டெர்மினல் முன்னால் உட்கார்ந்திருந்தார். அவர் நாற்காலிக்குப் பின்னால் நான். எனக்குப் பின்னால் டைரக்டர். ஏ.சி. குளிரில் டைரக்டர் கைகளை இறுகக் கட்டிக்கொண்டிருந்தார். எனக்கு மட்டும் கழுத்தில் வியர்த்தது.

“புரோகிராம் இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு சார். நிறுத்த வேண்டாம்” என்றார் செல்வி.

“நிறுத்தாம உள்ள என்ன இருக்குன்னு எப்படிம்மா பார்ப்பே?” என்றேன். அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவன் அந்தக் கட்டடத்திலேயே நான் ஒருவன்தான். பார்க்க முடியாது என்பதே விடை.

செல்வி ஒரு வரி தட்டினார். கறுப்புத் திரையில் பச்சை எண்கள் வரிசையாக வந்து நின்றன. அதே வரியை மறுபடி தட்டினார். எண்கள் மறுபடி வந்தன, ஒன்று மட்டும் மாறியிருந்தது. மூன்றாம் முறை தட்டினார். மாறிய எண் பழைய எண்ணாகியிருந்தது.

ஓடிக்கொண்டிருந்த புரோகிராமின் மெமரி அது. நிறுத்தாமல், கொல்லாமல், ஓட ஓட அதன் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“எப்படிம்மா எடுத்தே?” என்றார் டைரக்டர்.

“ஃபைல் மாதிரி திறந்து படிச்சேன் சார்.”

எனக்கு வயிறு எரிந்தது. இதை எழுதும்போது மரியாதையான வேறு சொல் ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தேன். கிடைக்கவில்லை.

பிணம் அறுப்பவன்

அந்த நாட்களில் ஒரு புரோகிராம் தவறாக ஓடினால் எங்களுக்கு இருந்த வழி ஒன்றுதான். அதைக் கொன்றுவிடுவோம். சாகும்போது அதன் மெமரி முழுவதும் டிஸ்க்கில் ஒரு ஃபைலாகக் கொட்டும். அதற்கு டம்ப் என்று பெயர். அதைக் காகிதத்தில் அச்சடித்து, எண் எண்ணாகப் படித்து, ஏன் தவறியது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

நான் டம்ப் படிப்பதில் மன்னன். தஞ்சாவூருக்கு வெளியே இருந்த அந்தப் பொறியியல் கல்லூரியின் கம்ப்யூட்டர் மையத்தில், “தியாகுவைக் கூப்பிடு” என்றால் ஏதோ ஒன்று செத்துவிட்டது என்று பொருள். மடிப்பு மடிப்பாக வரும் அந்தக் காகிதக் கட்டைத் தரையில் விரித்து, முழங்காலிட்டு, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு படிப்பேன். மாணவர்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அவர்கள் பார்க்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால் தேவைக்குமேல் சற்று நேரம் முழங்காலிலேயே இருப்பேன்.

தவறு தேடும் கருவியான டிபக்கர் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. ஆனால் அது தானே துவக்கிவைத்த புரோகிராமை மட்டும்தான் பிடிக்கும். அந்தப் புரோகிராம் தன் பங்குக்கு இன்னொன்றைத் துவக்கினால், அந்தக் குட்டி டிபக்கரின் கைக்கு எட்டாது. பிடித்ததையும் ஒரு முறைக்கு ஒரு எண்ணாகத்தான் எட்டிப் பார்க்கும், கிணற்றிலிருந்து கரண்டியால் தண்ணீர் மொள்வது மாதிரி.

அதுதான் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் இயல்பு என்று நான் நினைத்திருந்தேன். அதன் குறை என்று எனக்குத் தோன்றியதே இல்லை. குறை என்று தோன்றியது செல்விக்கு.

திருக்காட்டுப்பள்ளி பஸ்

செல்வி எங்களிடம் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு எட்டு வருட அனுபவம். அவருக்கு அதுதான் முதல் வேலை. தினமும் திருக்காட்டுப்பள்ளி பஸ்ஸில் வருவார். இடக்கையில் டிபன் பாக்ஸ், வலக்கையில் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மூல நிரல் அச்சடித்த கட்டு. பஸ்ஸில் நின்றுகொண்டே அதைப் படிப்பார் என்று கண்டக்டரே ஒருமுறை எங்கள் கேன்டீனில் சொன்னார்.

“கட்சி எங்க பக்கம் முதல் தடவையா ஜெயிச்சப்பப் பொறந்தேன் சார். அதான் அப்பா இந்தப் பேரு வச்சுட்டாரு” என்று சேர்ந்த அன்றே சொன்னார். அவர் அப்பா விவசாயக் கூலி. கூலி உயர்வுப் போராட்டத்தில் இரண்டு முறை உள்ளே போய்வந்தவர். அதையும் செல்வி கூச்சமில்லாமல் சொன்னார்.

நான் என் அப்பாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு நன்னிலம் பக்கம் நிலம் இருந்தது. ஒரு பக்கம் நில உச்சவரம்புச் சட்டம், மறுபக்கம் குத்தகைதாரர்கள் என்று எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரமெல்லாம் அந்தப் பேச்சாகவே இருந்த காலம். குத்தகைதாரர்களை வெளியேற்ற முடியுமா என்று அப்பா இரண்டு வக்கீல்களிடம் கேட்டுவைத்திருந்தார்.

செல்வியிடம் எனக்குப் பிடிக்காத பழக்கம் ஒன்று உண்டு. அடிப்படையான கேள்விகளைக் கேட்பார். “ஏன் சார், பார்க்கணும்னா கொல்லணுமா?” என்று ஒரு நாள் கேட்டார். “டெர்மினலை ஃபைல் மாதிரி திறக்கிறோம். டேப்பை ஃபைல் மாதிரி திறக்கிறோம். பிரிண்டரும் ஃபைல்தான். ஓடுற புரோகிராம் மட்டும் ஏன் ஃபைலா இருக்கக் கூடாது?”

“டிஸைன் அப்படிம்மா” என்றேன். பதில் தெரியாத மூத்தவர்கள் சொல்லும் பதில் அது.

அதன் பிறகு அவர் மதிய உணவு நேரத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். என்னவென்று நானும் கேட்கவில்லை.

நன்னிலம் பட்டியல்

அந்த வருடம் அரசாங்கம் எங்கள் மையத்துக்கு ஒரு வேலை கொடுத்தது. நன்னிலம் தாலுகாவின் குத்தகைதாரர் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கிராம வாரியாக அச்சடித்துத் தர வேண்டும். எந்தச் சர்வே எண்ணில் எந்த உட்பிரிவை யார் சாகுபடி செய்கிறார்கள் என்ற பட்டியல். அதை வைத்துத்தான் குத்தகைத் தாவாக்களின் விசாரணை நடக்கும். பட்டியலில் பெயர் இல்லாதவன், தானே சாகுபடி செய்பவன் என்று நிரூபிக்க ஊர் ஊராகச் சாட்சி தேட வேண்டும்.

விசாரணைக்கு ஒரு வாரம் இருந்தது. புரோகிராம் ஓடியது. பல மணி நேரம் வரிசைப்படுத்தியது. அச்சடிக்க வேண்டிய கட்டத்தில் நின்றது. சரியாகச் சொன்னால் நிற்கவில்லை. எங்கோ சுற்றிக்கொண்டே இருந்தது.

நான் கொன்றேன். டம்ப் எடுத்தேன். முழங்காலிட்டேன். ஒரு கணத்தில் அது எங்கே இருந்தது என்று டம்ப் சொன்னது. அங்கிருந்து எங்கே போனது என்று சொல்லவில்லை. மறுபடி ஓட்டினேன், மறுபடி கொன்றேன். நடுவில் இரண்டு முறை கரண்ட் போனது. மூன்று நாட்கள் கழிந்தன.

அப்பா போனில் கேட்டார்: “உங்க மெஷின் ரிப்பேராமே? தாலுகா ஆபீஸ்ல சொன்னாங்க.”

“ரிப்பேர் இல்லப்பா. புரோகிராம் சுத்திக்கிட்டு இருக்கு.”

“சுத்தட்டும்டா. என்ன அவசரம்?”

கேன்டீனில் என் காதுபடவே ஒருவர் சொன்னார், தியாகு வேண்டுமென்றே இழுக்கிறான் என்று. அது பொய். நான் உயிரைக் கொடுத்துத் தேடிக்கொண்டிருந்தேன். எனக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதைச் சொல்லிக்கொள்வதைவிட, இழுக்கிறான் என்ற பெயரே மேல் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

நான்காம் நாள் காலையில்தான் செல்வி டைரக்டரிடம் போய், “நான் ஒண்ணு செஞ்சு வச்சிருக்கேன் சார். பார்க்கலாமா?” என்று கேட்டார்.

ஒரே ஒரு எண்

செல்வி ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியிலேயே கை வைத்திருந்தார். ஒரு புதிய டைரக்டரி, அதாவது ஃபைல்களை வைக்கும் அடுக்கு. அதற்கு ‘உயிர்’ என்று பெயர், ஆங்கில எழுத்தில். அதற்குள் ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு புரோகிராமும் ஒரு ஃபைலாகத் தெரியும். அதைத் திறந்து வேண்டிய இடத்துக்குப் போய்ப் படித்தால், அந்தப் புரோகிராமின் மெமரி அந்தக் கணத்தில் எப்படி இருக்கிறதோ அப்படி வரும். டிஸ்க்கில் அப்படி ஒரு ஃபைலே கிடையாது. கேட்கும்போது ஆபரேட்டிங் சிஸ்டம் மெமரியிலிருந்து எடுத்துக் கொடுக்கும்.

அவ்வளவுதான். ஒரு பத்தியில் சொல்லி முடித்துவிட்டேன், பார்த்தீர்களா? நல்ல யோசனைகளின் கொடுமையே அதுதான். கேட்டு முடித்ததும் நமக்கே தோன்றியிருக்கலாமே என்று இருக்கும்.

“இங்க பாருங்க சார்” என்று திரையில் விரல் வைத்தார் செல்வி. “இந்தப் பதிவு, அடுத்தது அந்தப் பதிவுன்னு சொல்லுது. அது திரும்ப இதைக் காட்டுது. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு காட்டிக்கிட்டு இருக்கு.”

ஒரே நிலத்தைப் பிரித்துச் சாகுபடி செய்த அண்ணன் தம்பி இருவரின் பதிவுகள். ஏற்றும்போது நேர்ந்த தவறு. புரோகிராம் அண்ணனிடமிருந்து தம்பிக்கும், தம்பியிடமிருந்து அண்ணனுக்கும் மூன்று நாளாக, ஓட்டிய ஒவ்வொரு முறையும், நடந்துகொண்டிருந்தது.

“சரி, நிறுத்திட்டுத் திருத்து” என்றார் டைரக்டர்.

“நிறுத்த வேண்டாம் சார். ஃபைல்தானே? எழுதவும் செய்யலாம்.”

ஒரே ஒரு எண்ணைத் தட்டினார்.

பிரிண்டர் பேய் பிடித்தது மாதிரி ஆரம்பித்தது. மூன்று பேரும் திடுக்கிட்டோம். காகிதம் வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. மை வாசனை அறையை நிறைத்தது. டைரக்டர் செல்வியின் தோளைத் தட்டப் போய், தயங்கி, நாற்காலியின் முதுகைத் தட்டினார்.

“தியாகு, பார்த்தியாய்யா?” என்றார் என்னிடம்.

“பார்த்தேன் சார்” என்றேன். எட்டு வருடமாக நான் பிணம் அறுத்துக்கொண்டிருந்தேன். எட்டு மாதத்தில் இவள் உயிரோடு இருப்பதன் நாடியைப் பிடித்துவிட்டாள். ஆமாம், அன்று மனத்துக்குள் ‘இவள்’ என்றுதான் சொல்லிக்கொண்டேன்.

விசாரணைக்குப் பட்டியல் போய்ச் சேர்ந்தது. என் அப்பாவின் குத்தகைதாரர்கள் அனைவரின் பெயரும் அதில் இருந்தது. அவர்களை வெளியேற்ற முடியாது என்று பைசலானது. அப்பா சில மாதம் என்னோடு பேசவில்லை.

ஒன்பதாம் பக்கம்

“இதை எழுதும்மா” என்று டைரக்டர் செல்வியிடம் சொன்னார். பம்பாயில் ஒரு கருத்தரங்கு வரவிருந்தது. செல்வி பதினொரு பக்கம் கையால் எழுதிக்கொண்டு வந்தார். டைரக்டர் அதை என் கையில் கொடுத்தார். “நீ சீனியர். பார்த்துட்டு ஒரு வாரத்துல குடு. உன் குறிப்போட அனுப்பிடலாம்.”

அன்று சாயங்காலம் மெஸ்ஸில் உட்கார்ந்து படித்தேன். இலையில் இட்லி ஆறிப்போனது. ஒரு வார்த்தை மிகையில்லை. குறை தேடினேன். ஒன்று கிடைத்தது: ஒருவர் புரோகிராமை இன்னொருவர் திறந்து படித்துவிட்டால்? ஆனால் ஒன்பதாம் பக்கத்தில் செல்வி அதற்கும் வழி சொல்லியிருந்தார். எந்த ஃபைலையும் போல இதற்கும் உரிமையாளர் உண்டு, அனுமதி உண்டு, மற்றவர்கள் திறக்க முடியாது என்று.

ஒன்பதாம் பக்கத்தைப் படித்த பிறகுதான் என் குறிப்பை எழுதினேன். “பாதுகாப்பு பற்றி ஆசிரியர் யோசிக்கவில்லை. தற்போதைய முறையே போதுமானது. அனுப்பப் பரிந்துரைக்க இயலாது.”

அந்தக் குறிப்பையும் உடனே கொடுக்கவில்லை. மேசை இழுப்பறையில் வைத்தேன். டைரக்டர் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் “பார்த்துக்கிட்டிருக்கேன் சார்” என்றேன். கருத்தரங்கின் கடைசித் தேதி முடிந்த பிறகு கொடுத்தேன். அடுத்த மாதம் டைரக்டர் மாற்றலாகிச் சென்னைக்குப் போய்விட்டார்.

பிறகு ஆபரேட்டிங் சிஸ்டத்தின் புதிய பதிப்பு டேப்பில் வந்தது. அதை நிறுவும் பொறுப்பு என்னுடையது. செல்வி சேர்த்த பகுதியைச் சேர்க்காமல் நிறுவினேன்.

மறுநாள் காலை வந்து நின்றார். “சார், உயிர் இல்லையே?”

“புது வெர்ஷன்மா. அதுல போடல. ரொம்ப ரிஸ்க்.”

“என்ன ரிஸ்க் சார்?”

“குறிப்புல எழுதியிருக்கேனே.”

“படிச்சேன் சார்” என்றார். “ஒன்பதாம் பக்கம் நீங்க பார்க்கலையோன்னு நினைச்சேன்.”

நான் தலைநிமிராமல், “பார்க்கலையோ என்னவோ” என்றேன். அவர் போய்விட்டார். அன்றைக்குப் பிறகு வேலை தவிர ஒரு சொல் என்னிடம் பேசியதில்லை.

மையத்தில் எல்லோரும் ஒரே காரணத்தைத்தான் சொன்னார்கள். செல்வி பட்டியலைக் கொண்டுவந்ததால் தியாகுவின் அப்பா தாவாவில் தோற்றார், அதற்குப் பழிவாங்குகிறான் என்று. நான் மறுக்கவில்லை. நிலத்துக்காகப் பழிவாங்கினான் என்பதில் ஒரு கெத்தாவது இருந்தது. உண்மைக் காரணம் அதைவிடச் சிறியது.

கடல் வழியாக வந்த புத்தகம்

அதற்குப் பிறகு எப்போதோ நூலகத்துக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு கருத்தரங்கத் தொகுப்பு வந்தது. கப்பலில் வரும் புத்தகங்களுக்கு ஒரு ஈர வாசனை உண்டு. புரட்டினேன். ஓடும் புரோகிராமை ஃபைலாகப் பார்ப்பது பற்றி ஒரு கட்டுரை. ஒரு டைரக்டரி. அதற்குள் ஒவ்வொரு புரோகிராமும் ஒரு ஃபைல். திறக்கலாம், படிக்கலாம், எழுதலாம்.

மறுபடி முதலிலிருந்து படித்தேன். அவர்கள் யாருக்கும் செல்வியைத் தெரியாது, செல்விக்கு அவர்களைத் தெரியாது. ஆனால் உலகத்தின் இரண்டு மூலையில் ஒரே எண்ணம் தோன்றியிருக்கிறது. அவர்களுடையது அச்சில் இருந்தது. இவருடையது என் இழுப்பறையில் இருந்தது.

புத்தகத்தின் பின்னட்டையில் எடுத்தவர்கள் கையெழுத்திடும் சீட்டு ஒட்டியிருந்தது. அதில் ஒரே ஒரு பெயர். செல்வி எனக்கு முன்பே படித்திருக்கிறார். படித்துவிட்டு என்னிடம் வந்து கத்தவில்லை. அடுத்த ஆண்டு பெங்களூரில் வேலை கிடைத்துப் போனார்.

இன்று உலகம் முழுவதும் கோடிக்கணக்கான கம்ப்யூட்டர்களில் இது சர்வ சாதாரணம். என் மகளின் லேப்டாப்பில்கூட இருக்கிறது. அவளுக்கு இதன் கதை தெரியாது. இன்று அதற்கு வழங்கும் பெயரும் ‘உயிர்’ அல்ல.

கேன்டீனில் சொன்னது

ஓய்வு பெற்ற பிறகு பெங்களூர் போயிருந்தேன். செல்வி பெரிய நிறுவனம் ஒன்றில் பெரிய பொறுப்பில் இருந்தார். என்னைப் பார்க்க மறுப்பார் என்று நினைத்தேன். “வாங்க சார்” என்று அவர்கள் கேன்டீனுக்குக் கூட்டிப்போனார். தலை பாதி நரைத்திருந்தது. வழியில் இளைஞர்கள் அவருக்கு ஒதுங்கி வழிவிட்டார்கள். இத்தனை வருடம் கழித்து, மன்னிப்புக் கேட்க வந்த இடத்தில், எனக்கு மறுபடி வயிறு எரிந்தது.

“ஒன்பதாம் பக்கம் நான் படிச்சேன்மா” என்றேன். “படிச்சுட்டுத்தான் அப்படி எழுதினேன். பொறாமை. வேற ஒண்ணும் இல்ல.”

“தெரியும் சார்.”

“நிலத்துக்காகன்னு எல்லாரும் சொன்னாங்க.”

“எங்க அப்பாவும் அதைத்தான் சொன்னாரு. சாகிற வரைக்கும். ‘உன்னை அமுக்கினதே அந்த மிராசு புத்திதான்’னு சொல்லுவாரு. இல்லப்பா, அந்த ஆளுக்கு நிலமெல்லாம் ஒரு பொருட்டே இல்ல, டம்ப்புதான் பொருட்டுன்னு நான் சண்டை போடுவேன். அவரு நம்பல.” காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். “மன்னிச்சுட்டேன்னு சொல்ல எனக்கு வரல சார். அந்த ஒரு கட்டுரை போயிருந்தா நான் பத்து வருஷம் முன்னாடியே இந்தப் பதவிக்கு வந்திருப்பேன்.”

நான் தலையசைத்தேன்.

“அம்மா இருக்காங்க. திருக்காட்டுப்பள்ளியிலதான். முடிஞ்சா அவங்ககிட்டயாவது இதைச் சொல்லுங்க. அப்பா சொன்னதைத்தான் அவங்க இன்னும் நம்பிக்கிட்டு இருக்காங்க.”

அஞ்சலையம்மாள் வீட்டில்

போனேன். செல்வி கட்டிக்கொடுத்த மாடி வீடு. செல்வியின் அம்மா அஞ்சலையம்மாள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். யார் என்று சொன்னேன். முகம் இறுகியது. உட்காரச் சொல்லவில்லை.

“எங்க அப்பா நிலத்துக்காக நான் அப்படிப் பண்ணலைங்க” என்றேன்.

“பின்ன எதுக்குப் பண்ணுனீங்க?”

“பொறாமைங்க.”

“யாரு மேல?”

“செல்வி மேலதாங்க. எனக்கு வராதது அவங்களுக்கு வந்துச்சு. அதைத் தாங்க முடியல.”

கீரை உருவிய கை நின்றது. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீங்க? எம் பொண்ணப் பார்த்தா?”

“ஆமாங்க.”

அவர் எழுந்தார். நான் ஏச்சுக்குத் தயாராக நின்றேன். அவர் என்னைத் தாண்டி வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “ஏ, ராணி! சரோஜா! இங்க வாங்கடி. நன்னிலத்து மிராசு வீட்டுப் புள்ள வந்திருக்காரு. வந்து கேளுங்க.”

இரண்டு பெண்கள் ஈரக் கையோடு வந்தார்கள். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர். அஞ்சலையம்மாள் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். தானும் எதிரே உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ம்” என்றார். “இப்ப மொதல்ல இருந்து சொல்லுங்க. நிதானமா, இவங்களுக்கும் புரியுற மாதிரி.”

சொன்னேன்.